திருத்தி அனுப்பிய மெயில்

பிரெஞ்சு எழுத்துகளுக்கு மேலே கோடும் புள்ளியும் தானாகப் போட்டுக்கொண்டிருந்த மெயில் மென்பொருள், இப்போது மனத்தாங்கலையும் திருத்தத் தொடங்கியிருந்தது.

அப்பாவின் அடக்கத்துக்கு வராத அக்காவுக்கு, “இனி என் முகத்தில் விழிக்காதே” என்று புதுச்சேரியிலிருந்து செலின் தட்டினாள். “ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ அக்கா” என்று பாரீஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அக்கா மதலேன் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

செலினுக்கு மறைக்க மனம் வரவில்லை. “அக்கா, நான் எழுதுனது அது இல்ல.”

“தெரியும்டி. நானும் ‘செத்தாலும் வரமாட்டேன்’னுதான் தட்டுனேன். ‘வரேன்’னு மாத்தி அனுப்பிடுச்சு.”

“அப்போ டிக்கெட்டும் அதுவே போட்டுடுச்சா?”

மதலேன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“இல்லடி. அத நானேதான் போட்டேன்.”