உருட்டிக்கொண்டு போன வண்டி

"தினமும் கையால உருட்டிக்கிட்டுப் போற வண்டி, ரேஸ்ல மட்டும் பறக்கவா போகுது?"

ஞானமுத்து கேட்டதும் ஆமத்தூர் டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது.

பக்கத்து வீட்டு அகஸ்டினின் மகன் டென்னிஸைப் பற்றித்தான் பேச்சு. வருகிற சனி, ஞாயிறு சென்னையில் பைக் ரேஸ். நம்ம ஊர்ப் பையன் ஓட்டுகிறான் என்று வேன் பேசியாயிற்று. சர்ச் வாலிபர் சங்கத்தார் ஒரே மாதிரி பனியன்கூட அடித்துவிட்டார்கள்.

பாக்கி டயர்தான்.

"அங்கன மத்தியானம் வெயில்ல தார் உருகும். சாயங்காலம் சொல்லாமக் கொள்ளாம மழை ஊத்தும். வெயிலுக்கு ஒரு ஜோடி, மழைக்கு ஒரு ஜோடி வேணும்" என்று டென்னிஸ் சொல்லியிருந்தான். சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் வேலுச்சாமி வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு வண்டியில் அவர் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவர் கைவிட்டால் ரேஸ் இல்லை.

ஞானமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. சர்ச் சபைத் தேர்தலில் அவர் நின்றபோது, "அண்ணே, எங்க வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்" என்று வாசல் தேடி வந்து சொல்லிவிட்டு, எதிராளிக்குக் குத்தியவன் அகஸ்டின். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. சர்ச் அசன விருந்துப் பந்தியில் அகஸ்டின் வந்து உட்கார்ந்தால், இலையில் சோறு விழுந்திருந்தாலும் ஞானமுத்து எழுந்துவிடுவார்.

"நெசமாவா சொல்றீக?" என்றார் டீக்கடை மணிமுத்து.

"கண்ணால பாக்கேன்ல. பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கும்போது என் வாசல் வழியாத்தான் உருட்டிக்கிட்டுப் போறான். வரும்போதும் உருட்டிக்கிட்டே வாரான். அந்த வண்டி கிளம்பி யாராச்சும் கேட்டிருக்கீகளா?"

"காலையில கண்மாய்ப் பக்கம் படபடன்னு கேக்குதே?"

"அது பட்டாசு டெஸ்டிங்லே! இந்த ஊர்ல பெறந்துட்டு அதுகூடத் தெரியலையா?"

மறுபடியும் சிரிப்பு.

பேச்சு சிவகாசி வரைக்கும் போயிற்று. மறுநாள் சாயங்காலம் வேலுச்சாமி காரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஸ்டிக்கர் கட்டு இருந்தது.

"தம்பி, ஒரே ஒரு தடவை கிளப்பிக் காட்டு. சத்தத்தைக் கேட்டுட்டுப் போயிருறேன்."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் நிமிர்ந்தான். "கண்மாய்க்கரைக்கு வாங்க அண்ணாச்சி. ஓட்டியே காட்டுறேன்."

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஞானமுத்து முன்னால் வந்தார்.

"அங்கன எறக்கம் அண்ணாச்சி. எறக்கத்துல விட்டா கட்டை வண்டியும்தான் ஓடும். இங்கனயே கிளப்பச் சொல்லுங்க."

"ஏலே, கிளப்பித்தான் காட்டேன்! என்னலே வந்துச்சு உனக்கு?" என்று அகஸ்டின் மகனை அதட்டினார்.

டென்னிஸ் ஞானமுத்துவின் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பயல் நம்மை முறைக்கிறான் என்று ஞானமுத்து நினைத்துக்கொண்டார்.

"இங்கன வேண்டாம்ப்பா."

"ஏன்?"

"வேண்டாம்."

"ரேஸ் வண்டிக்கு ஆளுகளப் பாத்தா வெக்கம் போல!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. டென்னிஸ் தலையைக் குனிந்துகொண்டு துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

வேலுச்சாமி கார்க் கதவைத் திறந்தார்.

"தப்பா நெனைக்காத தம்பி. எம் பேரை ஒட்டிக்கிட்டு வண்டி பாதியில நின்னா, காலண்டர் சீசன்ல ஊரு சிரிச்சிரும். அடுத்த வருசம் பாப்போம்."

ஸ்டிக்கர் கட்டு வந்த காரிலேயே திரும்பிப் போயிற்று.

பல நாள் கடனைத் தீர்த்த மாதிரி ஞானமுத்து வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏ பூரணி! அகஸ்டின் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்!"

அடுப்படியில் ஆளைக் காணோம். உள்ளறையில் குனிந்து பார்த்தார். மனைவி ஞானபூரணி கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன.

வேலை பார்த்த பட்டாசு ஆலையில் பக்கத்து ஷெட் வெடித்ததிலிருந்து அவளுக்கு இப்படித்தான். தூரத்துச் சத்தம் என்றால் தாங்கிக்கொள்வாள். வாசலில் கேட்டால் கட்டிலுக்கு அடியில்தான் கிடப்பாள். கிறுக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று ஞானமுத்து இதை வெளியே மூச்சு விட்டதில்லை.

"கிளப்பிட்டானா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல. அந்த ஓட்டை வண்டி எங்கிட்டுக் கிளம்ப? வெளிய வா."

"கிளம்பும். வாங்கிட்டு வந்த அன்னைக்கு இந்த வாசல்லதான் கிளப்புனான். நீங்க சாத்தூருக்குப் போயிருந்தீக. நான் இங்கன கெடந்து அலறுனத சன்னல் வழியாப் பாத்துட்டு, வண்டிய அமத்திட்டு ஓடியாந்து தண்ணி குடுத்தான். மறுநாள்லருந்துதான் உருட்டுறான்."

ஞானமுத்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அம்புட்டுப் பேரும் கூடிச் சிரிச்சாகளே... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பயலுக்கு டயர் கெடைச்சிருக்குமே?"

"எப்படிச் சொல்லுவான்? எனக்கு மூட்டுவலின்னுல நீங்க ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீக."