ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே

மாநிலத்தின் தரவு முழுவதையும் வைத்திருக்கும் கிளவுட் சேமிப்பகம் நின்றுபோனால் அதை மீட்கத் தெரிந்தவர்கள் தமயந்தியும் அவளுடைய அக்கா மரகதமும் மட்டுமே. ஒரே விபத்தில் இருவரையும் இழந்துவிடக் கூடாது என்பதால், அவர்கள் ஒரே மண்டலத்தில் இருக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

இரண்டாம் மண்டலத்தின் மருத்துவமனையில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அருகில் மரகதம் இருந்தாள். தமயந்தியோ அந்த மண்டலத்தின் எல்லை வாயிலில் தவித்து நின்றாள்.

"உங்க அக்கா வெளிய வந்தாத்தான் நீங்க உள்ள போலாம், மேடம்," என்றார் காவலர்.

"அம்மாவை ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்க்கா," என்று தமயந்தி கைப்பேசியில் கெஞ்சினாள்.

"இந்த நேரத்துல எப்படிடி விட்டுட்டு வருவேன்?"

இருபது நிமிடம் கழித்து மரகதம் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். தமயந்தி மருத்துவமனைக்கு ஓடினாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "அக்கா எங்கடி? உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துடணும்னுதான் உசுரைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."