பம்ப் மாட்டத் தெரிந்தவர்

மறுநாள் காலை காந்தாவுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன். காரில் வாட்டர் பம்ப் போய்விட்டது. ஊரில் கருட சேவைத் திருவிழா; அந்தக் கூட்டத்தில் மெக்கானிக் எவனும் அகப்படவில்லை.

"வாடகை வண்டி வெச்சுக்கலாங்க," என்றாள் காந்தா.

"என் பொண்டாட்டி அடுத்தவன் வண்டியில போறதா? நானே மாட்டுறேன்."

கைலாசம் புதுப் பம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். புரை விழுந்து பார்வை போயிருந்த காந்தா, போனைக் காதில் வைத்தபடி வழி சொன்னாள்.

"கேஸ்கட்டை மறந்துடாதீங்களாம். போல்ட்டை எதிரும் புதிருமா இறுக்கணுமாம்."

வண்டியைக் கிளப்பினார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"சொல்லிக்குடுத்தவன் கெட்டிக்காரன்டி! யாரு பெத்த புள்ளையோ. வரச் சொல்லு, இலை போட்டு சாப்பாடு போடுவோம்."

காந்தா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "நீங்க பெத்ததுதாங்க. சாதி விட்டுக் கட்டிக்கினாள்னு தலைமுழுகினீங்களே, நம்ம கலைவாணி. கார் கம்பெனியில வேலை பார்க்குறா. வரச் சொல்லட்டா?"

கைலாசம் இன்ஜினை அணைத்தார். ஸ்பேனரை எடுத்து, மாட்டிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

ஸ்பேனர் சத்தம் கேட்டதும் காந்தாவின் முகம் மலர்ந்தது.

"அப்பா வேணாம்னு சொல்லலைமா," என்றாள் போனில். "நீ சொன்ன மாதிரியே இன்னொரு வாட்டி இறுக்கிக்கினு இருக்காரு."