என்ன சொல்றாங்க?

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. சோளிங்கரிலிருந்து வந்திருந்த செங்கமலத்துக்குத் தெலுங்கு ஒரு சொட்டும் தெரியாது. நடுவில் மகள் ஹரிப்ரியா. ஆந்திரா பக்கம் ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக வேலை பார்ப்பவள். தெலுங்கு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

“ரெண்டு காலும் மரத்துப் போவுதுன்னு சொல்லுடி” என்றாள் செங்கமலம்.

மகள் சொன்னாள்.

“வாயெல்லாம் புண்ணு, ஒரு இட்லிகூட துன்ன முடியலன்னு சொல்லு.”

அதையும் சொன்னாள்.

“நாலு கீமோ ஆச்சே, இன்னும் எத்தினி நாளு அலைஞ்சிக்கினு இருக்கறது? சினைப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் உண்டா இல்லியா, கேளு.”

டாக்டரம்மா ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார். செங்கமலத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“இன்னாடி சொல்றாங்க?”

“கட்டி நல்லா சுருங்கிட்டுதாம்மா. அடுத்த மாசம் ஆபரேஷன். அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடுமாம்.”

செங்கமலம் எழுந்து டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கீமோவில் முடி கொட்டிப்போன மகளின் தலையிலிருந்து துப்பட்டா நழுவியிருந்தது. அதை இழுத்துவிட்டபடியே, “எம் பொண்ண உசுரோட திருப்பிக் குடுத்துட்டே தாயீ!” என்று கேவிக் கேவி அழுதாள்.

டாக்டரம்மா பதறிப்போய் ஹரிப்ரியாவிடம் தெலுங்கில் கேட்டார்: “அம்மா என்ன சொல்றாங்க?”

அவளும் தெலுங்கிலேயே சொன்னாள்:

“எனக்கு இனிமே ஆபரேஷன் பண்ண வழியில்லைன்னு சொல்லிட்டேன் மேடம். அதான் அழறாங்க.”