தலைமாட்டு மணி

முட்டி வலியில் ரசியா பேகத்துக்கு நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு. சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தாள்.

துபாயில் இருக்கும் மகன் சமீர், போனில் சொல்லி அனுப்பிய எலக்ட்ரீஷியன் குணசேகரன் நின்றிருந்தான். பாத்ரூமில் கைப்பிடியும் வழுக்காத தரையும் கொத்தனார் நேற்றே முடித்துவிட்டார். மிச்சம் மணிதான்.

"ஸ்விட்ச் உங்க பாத்ரூம்ல, மணி பக்கத்து வீட்டு தஹ்மீனா அம்மாகிட்ட. நீங்க அமுக்கினா அவங்க வந்துடுவாங்கன்னு சமீர் அண்ணன் சொன்னாரு."

"மாத்தி வைங்க தம்பி. ஸ்விட்ச் அவ கட்டில்கிட்ட. மணி என் தலைமாட்டுல."

"நீங்க விழுந்தா?"

"அதான் கைப்பிடி இருக்குல்ல."

"அண்ணன் என்னைத் திட்டுவாரும்மா."

"துபாய்லேருந்துதானே திட்டுவான். திட்டட்டும்."

குணசேகரன் சிரித்துவிட்டான். "நடக்கவே முடியல. மணி அடிச்சா ஓடவா போறீங்க?"

ரசியா மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போன நோன்புல நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கத்துனேன். எல்லாரும் வெளிநாடு போயிட்டாங்க, இந்தத் தெருவுல பூட்டாத வீடு என்னோடதும் தஹ்மீனாவோடதும்தான். அவதான் ஓடி வந்தா. வர்ற வேகத்துல என் வாசப்படி தடுக்கி இடுப்பு முறிஞ்சுபோச்சு. அன்னைக்குப் படுத்தவ இன்னும் எழுந்திரிக்கல. பிள்ளைங்க சவுதியில. மத்தியானம் வேலைக்காரி போயிட்டா அவளுக்கு ஆளில்ல."

"அண்ணனுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சா மணிக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டான்."

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அவளுக்கு நான் ஒரு ஓட்டம் பாக்கி, தம்பி."