அஞ்சலை எழுதிய பெயர்

நாடு மெர்டேக்கா என்னும் விடுதலை அடைந்து மூன்றே மாதம். காஜா பேராங் ஊரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கருணாகரன், பிரசவம் பார்க்கும் அஞ்சலையிடம் ஒரு தாளை நீட்டினார்.

"உடம்புல குறையோட பிறந்தவங்க பேரையெல்லாம் எழுதுங்க. அவங்களுக்கு இனிப் பிள்ளையே பிறக்கக் கூடாது. புது நாட்டுக்குச் சுத்தமான ரத்தம் வேணும்."

"எழுத மாட்டேன்னு சொன்னா, டாக்டரய்யா?"

"உங்க லைசென்ஸ் போயிடும்."

அஞ்சலை வெடுக்கென்று தாளைப் பிடுங்கி, ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் திடுக்கிட்டார். "என் பேரா?"

"உங்க சுண்டுவிரல் ஓரத்துல தழும்பு இருக்குல்ல தம்பி? ஆறாவது விரலோட பிறந்தீங்க. நூல் கட்டி உதிர வச்சது நான்தான். உங்க சம்சாரத்துக்கு இது ஒன்பதாம் மாசம். சொல்லுங்க, அந்தப் பிள்ளைக்கும் ஆறு விரல் இருந்தா நூலோட வரவா, இந்தத் தாளோட வரவா?"