பெயர் போடாத மனு

“யாரு கேட்டாலும் எட்டு மணி நேரம். வாய் தவறிக்கூட பன்னெண்டுன்னு வந்துறக் கூடாது.”

ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் பதினேழு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தான் சூப்பர்வைசர் பெரியமுத்து. லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வருவதாக முதலாளி காலையில்தான் போன் செய்திருந்தார்.

கத்தரீனாள் மட்டும் ஒப்பிக்கவில்லை. விடிவதற்கு முன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு ஏலக்காய் ஸ்டோரில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது மறுபடியும் மணி ஏழு. எட்டு மணி நேரத்துக்கு மேலே போவதற்குக் கூலி கிடையாது; அதற்கு முதலாளி வைத்த பெயர் ‘ஒத்தாசை’.

சுவரில் கடிகாரம் உண்டு, பேட்டரிதான் கிடையாது. ஏலக்காய் டீயை உறிஞ்சிக்கொண்டே தொழிலாளர் நலம் பேசும் என்னைப் போன்ற ஆசாமிகளின் மூக்குக்கு இந்த ஒத்தாசையின் நாற்றம் எட்டுவதில்லை.

மத்தியானம் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பது வயதிருக்கும்; இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் பை. மலையாளத்தில் அதட்டப்போகிறார் என்று பயந்திருந்தவர்களிடம், நல்ல மதுரைத் தமிழில், சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். அதிலேயே பாதிப் பேர் கரைந்துபோனார்கள்.

ஆனாலும் வேலை நேரத்தைக் கேட்டபோது எட்டு, எட்டு, எட்டு என்றே பதில் வந்தது. அவர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அது தன் மகள் எழுதிக் கொடுத்து, தான் லேபர் ஆபீஸுக்குத் தபாலில் போட்ட மனு என்று கத்தரீனாளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“பன்னெண்டு மணி நேரம் வேலை வாங்குறதா எழுதியிருக்கு. பேரு போடாத மனுவை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. போட்டவங்க முன்னால வரணும்.”

அவருக்குப் பின்னால் நின்ற பெரியமுத்து, கத்தரீனாளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கண்ணை உருட்டினான். முதலாளி வீசும் எச்சில் சோற்றுக்கு ஒருவன் இப்படியுமா வாலாட்டுவான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வேலை போனால் மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். இப்படியே உட்கார்ந்திருந்தால் நீர் கோத்து வீங்கிய இரண்டு கால்களும் போய்விடும். அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“நாந்தாங்கய்யா போட்டேன்.”

அப்புறம் அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. கூலியில்லாத ஒத்தாசையைச் சொன்னாள். தீட்டு நாளில்கூட எழுந்திருக்க விடாததைச் சொன்னாள். ஒன்றுக்குப் போனாலும் பெரியமுத்து செல்போனில் நேரம் பார்ப்பதை, அவனை வைத்துக்கொண்டே சொன்னாள்.

வந்தவர் பொறுமையாகக் கேட்டார். நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை. தைரியமான பொம்பளை என்று பாராட்டி, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் வளைவில் மறைந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு என்று ஒப்பித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்தரீனாள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு பெரியமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

“எங்க கூட ஜீப்புல வார பய தானடா நீ? கண்ணைக் காட்டி மெரட்டுதியே, வெக்கமா இல்ல ஒனக்கு?”

காறித் துப்பினாள். அது அவன் காலடியில் விழுந்தது.

அவன் நகரவில்லை. கார் போன பாதையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

“அது ஆபீஸரு இல்லக்கா, முதலாளியோட புது மருமகன்.”